கத்தரிக்காய் முகாமுக்குள் ஒரு எட்டு

முன்வாசல் வழியா வராதீங்க. அங்கே மாமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பெரிய மனிதர்களை உட்காரவைத்து மோர் கொடுத்துக்கொண்டிருப்பார். நிஜ அரசியல் பின்பக்கம்தான் நடக்கிறது. வைக்கோல் போரைச் சுற்றி வந்தால் மாட்டுக்கொட்டகை. மாடு இப்போது வேப்பமரத்தடிக்குக் குடிபோய்விட்டது. குனிந்து வாங்க, மேலே மைக் செட்டுக் குழாய் தொங்குகிறது. காலடியில் மைதா பசை வாளி, ஓரத்தில் நோட்டீஸ் கட்டுகள், அதன் மேல் யாரோ கழற்றிப் போட்ட ஈரச் சட்டை. ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்டில் ஏழெட்டு செல்போன்கள் சார்ஜ் ஏறுகின்றன. ஆணியில் அத்தையின் பிரஷர் மாத்திரை அட்டை, பக்கத்தில் வாக்காளர் பட்டியல். இரண்டும் ஒரே கிளிப்பில். தற்செயல் என்கிறார்கள், நான் நம்பவில்லை.

காணை ஒன்றியத்தில் ஒரு கிராமம் இது. விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு ரோட்டைப் பிடித்து வந்து, கிளைச் சாலையில் திரும்பி, கரும்பையும் மல்லாட்டைக் கொல்லையையும் தாண்டி வரணும். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். அத்தை பேரும் கிடையாது. நாளைப் பின்னே நான் இங்கே வந்து சோறு தின்ன வேண்டும். இன்று 2021 அக்டோபர் 7, வியாழக்கிழமை. சனிக்கிழமை ஓட்டு. இன்று மாலை ஐந்து மணியோடு மைக்கை அணைத்துவிட வேண்டும். அத்தை ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். ஊர் வாயில் அது பிரசிடெண்ட் எலெக்‌ஷன். நிலவரம் மோசம். அதை நான் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது. நடுநிலைமை வேண்டுமென்றால் டீக்கடைப் பக்கம் போங்க. நான் அத்தை கட்சி.

அத்தையின் மகள் என் தோழி. அந்த ஒரு சிபாரிசில்தான் உள்ளே நுழைந்தேன். நுழைந்த நிமிஷமே ஒரு கத்தை நோட்டீஸைக் கையில் திணித்து, "நாலா மடி, படம் மேல தெரியணும்" என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். இந்தக் கொட்டகையில் பார்வையாளர் என்று ஒரு பதவியே கிடையாது. மடித்துக்கொண்டே பேசுகிறேன், நீங்களும் ஒரு கத்தை எடுத்துக்கொள்ளுங்க.

படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? கத்தரிக்காய். ஊதா நிறத்தில், காம்போடு, கொழுகொழுவென்று. அதுதான் அத்தையின் சின்னம்.

இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. தேர்தல் ஆணையப் பட்டியலில் இருக்கும் பொதுச் சின்னங்களில்தான் நிற்கணும். சின்னம் ஒதுக்கியது செப்டம்பர் 25, புரட்டாசி சனிக்கிழமை. அத்தை பெருமாளைக் கும்பிட்டு, நாமம் போட்டுக்கொண்டு, ஆட்டோ ரிக்‌ஷா கேட்கப் போனார். ஊரில் எல்லாரும் தினமும் ஏறுகிற வண்டி, சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதையே இன்னொருவரும் கேட்டார். குலுக்கிப் போட்டார்கள், போய்விட்டது. பூட்டு சாவியாவது கிடைக்குமா என்றால் அதையும் ஒருத்தர் தட்டிக்கொண்டு போனார். கடைசியில் கையில் விழுந்தது கத்தரிக்காய். திரும்பி வரும் வழியெல்லாம் மாமா வாயைத் திறக்கவில்லையாம். வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தைதான் சொன்னாராம்: "முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆவணும். வா, பாத்துக்கலாம்."

அந்த வாக்கியத்தை நோட்டீஸில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அதற்குப் பதில் "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று ஊர் உலகமெல்லாம் போடுகிற வரியைப் போட்டுவிட்டார்கள். அச்சகத்தில் ஏற்கெனவே தயாராக இருந்த வரி என்பதால் அது சீக்கிரம் கிடைத்ததாம்.

எதிர்முகாமைப் பற்றிக் கொஞ்சம் கோள் சொல்லிவிடுகிறேன். இது பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. பூட்டு சாவி அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் நோட்டீஸைப் பூதக்கண்ணாடியில் பார்க்கணும். மூலையில் தபால்தலை அளவுக்கு அவர் படம். நடுவில், கும்பிட்ட கையோடு, வெள்ளைச் சட்டையில் சிரிப்பது அவர் வீட்டுக்காரர். ஓட்டுக் கேட்டு வரும்போதும் அவர்தான் பேசுகிறார். அந்த அம்மா பின்னால் நின்று தலையாட்டுகிறார். ஆட்டோ அம்மா பரவாயில்லை, பேசுகிறார், ஆனால் மாமனார் எழுதிக் கொடுத்ததை. எங்கள் அத்தைக்கு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மகளிர் சுய உதவிக் குழுவில் வருஷக்கணக்காகக் கணக்கு பார்த்தவர். பேங்க் மேனேஜரிடமே வட்டி போட்டதில் தப்பு கண்டுபிடித்து நோட்டைத் திருப்பிக் காட்டியவர் என்று குழுப் பெண்கள் சத்தியம் செய்கிறார்கள்.

அப்புறம் ஏன் திணறுகிறோம்? பணம் இல்லை, அவ்வளவுதான். வேறு காரணம் சொன்னால் நான் கேட்க மாட்டேன்.

தலைவர் வேட்பாளர் 34,000 ரூபாய் வரைக்கும் செலவு செய்யலாம் என்று வரம்பு. வார்டு உறுப்பினருக்கு 9,000. டெபாசிட் 600. இந்த வரம்பைக் கேட்டுச் சிரிக்காதவர் ஊரில் ஒருத்தர்கூட இல்லை. சிரிக்காமல் உட்கார்ந்து எழுதுவது அத்தையின் தம்பி மகன் ஒருவன்தான். பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். கோடு போட்ட நோட்டில் தேதிவாரியாக: மைதா, டீ, மைக் வாடகை, டீ, பெட்ரோல், டீ, டீ, சுண்ணாம்பு, டீ. "இவங்க ஓட்டுக் கேக்கறாங்களா, டீ குடிக்கறாங்களா?" என்று என்னிடம் கேட்டான். அவன் குரலில் எதிர்கால ஆடிட்டரின் வலி தெரிந்தது.

நோட்டில் எழுத முடியாத செலவு ஒன்று இருக்கிறது. வேட்பாளர் தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்பார்கள். சுற்றி முடித்ததும் தட்டில் ஏதாவது போட வேண்டும். அது அந்தக் காலத்துப் பத்து ரூபாய் இல்லை. பூட்டு சாவிக்காரர் தட்டுக்கு எவ்வளவு போட்டார் என்ற செய்தி அவர் அடுத்த தெருவுக்கு நடந்து போவதற்குள் அங்கே போய்விடுகிறது. நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? மாமாவின் அண்ணன் டி.வி.எஸ் ஃபிஃப்டியில் ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய், தெருமுனையில் நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, "தட்டெல்லாம் வேணாம்மா, வெயில்ல நிக்காதீங்க, அவங்களே வூட்டுக்குள்ள வந்து பாப்பாங்க" என்று கெஞ்சிவிட்டு வருகிறார். பிரசாரத்தின் முன்னணிப் படை இந்த ஒற்றை வண்டிதான். சில தெருவில் வேலை செய்கிறது. சில தெருவில் அவர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்குள் போய்த் தட்டைப் பெரிதாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஐந்து வருஷமாக இந்த ஊருக்குத் தலைவரே இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2016 அக்டோபரோடு பழைய ஊராட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களுக்கு நடந்தபோது, அப்போதுதான் கள்ளக்குறிச்சியைப் பிரித்திருந்ததால் விழுப்புரத்தை விட்டுவிட்டார்கள். இப்படி விடுபட்டவை ஒன்பது மாவட்டங்கள். அத்தனை நாளும் தனி அலுவலர் நிர்வாகம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய்க் கத்துவது என்று தெரியாத ஐந்து வருஷம். "திட்டறதுக்காச்சும் ஒரு ஆளு வேணாமா?" என்கிறார் பசை வாளிக்காரர். எனக்குத் தெரிந்து உள்ளாட்சி ஜனநாயகத்துக்கு இதைவிடக் கறாரான விளக்கம் கிடையாது.

ஆனால் தேர்தல் இவர்களுக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். விக்கிரவாண்டி தொகுதி இது. 2019 அக்டோபரில் இடைத்தேர்தல் நடந்தபோது அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் இந்தத் தெருக்களில் வெயிலில் காய்ந்தார்கள். அன்று அ.தி.மு.க.வின் முத்தமிழ்ச்செல்வன் 44,924 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற தி.மு.க.வின் புகழேந்தி இந்த ஏப்ரலில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே முத்தமிழ்ச்செல்வனை 9,573 ஓட்டில் தோற்கடித்து எம்.எல்.ஏ. ஆனார். இரண்டிலும் வேலை பார்த்த கைகள்தான் இந்தக் கொட்டகையில் பசை கலக்குகின்றன. சிவப்பு கறுப்பு கரை வேட்டிக்காரரும் இரட்டை இலை மோதிரக்காரரும் ஒரே வாளியில் தூரிகை முக்குகிறார்கள். மேலே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் பார்த்தவர்களுக்கு இங்கே ஒவ்வொரு ஓட்டும் ஒரு மனிதர், ஒரு முகம், ஒரு பழைய வரப்புச் சண்டை. அதுதான் இவர்களைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

சரி, சத்தம் கேட்கிறதா? வாங்க, இந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாது. வேப்பமரத்தடியில் ஆயா வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

கிராமத்து வாக்காளருக்கு மொத்தம் நாலு ஓட்டு. மெஷின் கிடையாது, சீட்டுதான். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நாலையும் வாங்கி, நாலிலும் முத்திரை குத்தி, மடித்து, ஒரே பெட்டியில் போட வேண்டும். அத்தையின் மகள் கலர் பேப்பர் வாங்கிவந்து மாதிரிச் சீட்டு வெட்டி வைத்திருக்கிறாள். முத்திரைக்கு பேனா மூடி, மைக்கு வீட்டில் இருந்த ஸ்டாம்ப் பேட்.

எதிரே ஏழெட்டு ஆயாக்கள், வெற்றிலைப் பையோடு.

"ஆயா, இது இன்னா கலரு?"

"ரோசு."

"ரோசுல யாருக்குக் குத்தணும்?"

"உங்க அம்மாளுக்கு."

"அம்மா பேரு பக்கத்துல இன்னா படம் இருக்கும்?"

"கத்தரிக்கா. அது தெரியாதாடி எனக்கு? எத்தினி வருசமா கொழம்பு வைக்கிறேன்."

பலத்த கைதட்டல். ஆயா பேனா மூடியை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கத்தரிக்காய்க்கும் பக்கத்துப் படத்துக்கும் நடுக்கோட்டில் பளிச்சென்று ஒரு குத்து குத்துகிறார். மகளுக்கு முகம் செத்துவிட்டது. "ஆயா, கோட்டுமேல பட்டா செல்லாது ஆயா. காய் மேலயே குத்து." மறுபடி. இந்த முறை காய் மேல் விழுந்தது, ஆனால் மடிக்கும்போது மை அப்படியே எதிர்ப்பக்கம் ஆட்டோ மேல் ஒட்டிக்கொண்டது. மடிப்பது எப்படி என்று தனிப் பாடம் ஆரம்பமாகிறது. நீளவாக்கில் முதலில். இல்லை ஆயா, வெற்றிலை மடிக்கிற மாதிரி முக்கோணமாக வேண்டாம்.

ஓரமாக உட்கார்ந்திருந்த இன்னொரு ஆயா, எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார். "மீதி மூணு கலருக்கு எவன் வந்து சொல்லிக் குடுப்பான்?" யாரிடமும் பதில் இல்லை. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் கட்சிகள் சின்னத்தோடு நிற்கின்றன. அவர்கள் ஜீப்பில் வந்து, நிற்காமல், கொடியை மட்டும் காட்டிவிட்டு அன்னியூர்ப் பக்கமோ கெடார்ப் பக்கமோ போய்விடுகிறார்கள். வண்டியை விட்டு இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். பதிவு செய்துகொள்ளுங்கள்.

உள்ளே சமையல்கட்டில் என்ன நடக்கிறது என்று மூக்கே சொல்லியிருக்கும். எலெக்‌ஷன் என்றால் பிரியாணி என்றுதானே நினைத்தீர்கள்? இது புரட்டாசி. பாதி ஊர் கவுச்சி தொடாது. இந்த விஷயத்தில் மட்டும் பெருமாள் எங்கள் பக்கம், ஏனென்றால் எதிர்முகாமாலும் கறி போட முடியவில்லை. அவர்கள் வெஜிடபிள் பிரியாணி போட்டார்கள். நாங்கள் எண்ணெய்க் கத்தரிக்காய்.

நேற்றும் அதுதான். நாளைக்கும் அதுதான். காரணம், மாமாவின் அண்ணன் மூளையில் உதித்த ஒரு யோசனை. சின்னம் மனதில் பதிய வீட்டுக்கு இரண்டு கத்தரிக்காய் கொடுத்தால் என்ன? விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து கொட்டகையில் இறக்கிவிட்டார். காமர்ஸ் பையன் எழுந்து நின்றான். வாக்காளருக்குப் பொருள் கொடுத்தால் விதிமீறல், கேஸ் போடுவார்கள் என்றான். "கத்தரிக்கா ஒரு பொருளாடா?" என்றார் பெரியவர். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. காய் என்பது பொருளா, சின்னமா, பிரசாரமா? சொத்தைக் காய் கொடுத்தால் லஞ்சம் ஆகுமா? அத்தை வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூட்டையைச் சமையல்கட்டுக்கு உருட்டச் சொன்னார். "நம்ம ஆளுங்க தின்னட்டும்" என்று தீர்ப்பு. அன்றிலிருந்து தொண்டர்கள் கத்தரிக்காய்தான் தின்கிறார்கள். பசை வாளிக்காரருக்குக் கை கால் எல்லாம் அரிப்பு. விசுவாசத்துக்காகச் சொறிந்துகொண்டே ஒட்டுகிறார். ஆட்டோ முகாமில் இது தெரிந்துபோய், "கத்தரிக்காய்க்குப் போட்டா ஊரே சொறியும்" என்று ஒரு கோஷம் கிளப்பிவிட்டார்கள். நல்ல கோஷம். எங்களிடம் அப்படி ஒன்று இல்லையே என்று வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டது. கடைசிச் சுற்று. வாடகை லோடு ஆட்டோவில் (ஆமாம், கத்தரிக்காய்க்கு ஆட்டோவில்தான் ஓட்டுக் கேட்கிறோம், சிரிச்சிட்டு வாங்க) மைக் செட்டைக் கட்டியாகிவிட்டது. அறிவிப்பாளர் ஒன்பதாவது படிக்கிற பையன். குரல் உடைகிற வயசு. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று கம்பீரமாக ஆரம்பித்து, "பெருமக்களே"யில் கீச்சென்று மேலே போய்விடுகிறது. தெருவில் பொடிசுகள் அந்தக் கீச்சுக்காகவே காத்திருந்து கூடவே கத்துகின்றன. மாற்று ஆள் இல்லை. நன்றாகப் பேசுகிறவர் நேற்றே எதிர்முகாமுக்குப் போய்விட்டார். அங்கே பேட்டா கிடைக்கிறது.

அத்தையைக் கிட்டத்தில் பாருங்கள். புடவையைத் தூக்கிச் சொருகியிருக்கிறார். காலில் ரப்பர் செருப்பு, கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் உடைந்து அதன் மேல் மஞ்சள் அப்பியிருக்கிறார். தொண்டை கட்டிப்போய் வாயில் பனங்கற்கண்டும் மிளகும். கொரோனா முகக்கவசம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. கும்பிட்டுக் கும்பிட்டுத் தோள் இறங்கவில்லை என்று ராத்திரி தைலம் தேய்க்கிறார்களாம். வண்டியில் ஏற மறுத்துவிட்டார். "மேல நின்னுகினு கீழ இருக்கறவங்களப் பாத்துக் கும்புட எனக்கு வராது" என்று நடக்கிறார். வீட்டுக்கு வீடு நிற்கிறார். ஒரு வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற பேச்சு. நின்றவர் அரை மணி நேரம் நகரவில்லை. பைப் எங்கே போகிறது, வால்வு எங்கே, யார் திறக்கிறார்கள் என்று விசாரிக்கிறார். மாமா வாட்ச்சைக் காட்டுகிறார். அத்தை கவனிக்கவே இல்லை. ஓட்டே இல்லாத ஒரு வீட்டில் இப்படி நேரத்தைத் தொலைப்பவர் ஜெயிப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, புல்லரித்துப்போய் நின்றேன்.

நாலரைக்கு மழை கொட்டியது. நோட்டீஸ் கட்டுகளைப் பாவாடை தாவணிக்குள் மறைத்துக்கொண்டு குழுப் பெண்கள் ஓடினார்கள். மைக்கில் தண்ணீர் இறங்கி, "கத்தரி... கத்தரி... கத்தரி..." என்று மாட்டிக்கொண்டது. ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் பேட்டரியைப் பிடுங்கினார்கள். எங்கள் பிரசாரத்திலேயே அதிகத் தடவை சின்னம் ஒலித்தது அந்தக் கடைசி நேரத்தில்தான்.

வெள்ளிக்கிழமை வெளியே அமைதி. உள்ளே அட்டகாசம். வாக்காளர் பட்டியலைத் தரையில் விரித்து, சிமினி விளக்கு வைத்து (மழையில் கரண்ட் போயிருந்தது), பெயர் பெயராகக் குறி போட்டார்கள். டிக் என்றால் நம்ம ஓட்டு, பெருக்கல் என்றால் அவங்க ஓட்டு, கேள்விக்குறி என்றால் சந்தேகம். மாமா தன் பங்காளி வீட்டுக்கெல்லாம் தாராளமாக டிக் போட்டார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேள்விக்குறி ஆக்கினார். "என் தம்பி எனக்குப் போட மாட்டானா?" "உன் தம்பி போடுவான். அவன் பொண்டாட்டி அவங்க வூட்டுல சீட்டுக் கட்டறா." அந்தக் குடும்பத்தின் இருபது வருஷ வரலாறு அந்த ஒரு கேள்விக்குறியில் அடங்கியிருந்தது. பட்டியல் முடிந்தபோது டிக்கைவிடக் கேள்விக்குறிதான் அதிகம். கேள்விக்குறிகளை எல்லாம் கூட்டிக்கொண்டால் நாம் ஜெயிக்கிறோம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். காமர்ஸ் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

செஞ்சிப் பக்கம் தலைவர் பதவியை ஊர் கூடி ஏலம் விட்டுவிட்டார்கள் என்று போன மாதம் செய்தி வந்ததே, அதைப் பற்றியும் ஒரு பேச்சு ஓடியது. "அங்க ஒரு ராத்திரில முடிஞ்சிடுச்சி. நமக்குத்தான் இந்தப் பாடு" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். குழுப் பெண் ஒருத்தி வெடுக்கென்று, "ஏலம் வுட்டா நீயும் நானும் இங்க உக்காந்து பேசுவமா? போய்ப் படு" என்றாள். அவளுக்கு என் ஓட்டு.

சனிக்கிழமை, அக்டோபர் 9. மறுபடி புரட்டாசிச் சனி. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் ஆறரைக்கே நெற்றி நிறைய நாமத்தோடு வரிசை. பள்ளிக்கூட வாசலில் கையில் சானிடைசர் ஊற்றுகிறார்கள். ஒரு தாத்தா தீர்த்தம் என்று நினைத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டார், நாலு பேர் பாய்ந்து தடுத்தார்கள். உள்ளே எங்கள் பூத் ஏஜென்ட்டாகப் போனவள் அந்த வெடுக்கென்று பேசிய பெண்தான். கள்ள ஓட்டு என்று சந்தேகம் வந்தால் ஆட்சேபிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் முதலில் ஆட்சேபித்தது தன் சொந்த மாமியாரை. அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்தாராம். மாமியார் வீட்டுக்குப் போய் எடுத்துவந்து ஓட்டுப் போட்டார். அந்த ஓட்டு ரோஸ் சீட்டில் எங்கே விழுந்திருக்கும் என்று யாரும் ஆராயவில்லை.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை கொரோனா நோயாளிகளுக்கான நேரம். உடல் முழுக்கக் கவச உடை மாட்டிக்கொண்டு அலுவலர்கள் காத்திருந்தார்கள். புழுக்கத்தில் அவர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆறு மணிக்குப் பெட்டிக்குச் சீல் வைத்தார்கள். அத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக மதியச் சோற்றை முழுசாகச் சாப்பிட்டார், ஆறரை மணிக்கு. ரசம் மட்டும். கத்தரிக்காயை யாரும் காட்டக்கூடத் துணியவில்லை.

செவ்வாய், 12-ஆம் தேதி, எண்ணிக்கை. நான் வெளியே தடுப்புக்கட்டைப் பக்கம்தான் நின்றேன். உள்ளே போன மாமா சொன்னதைச் சொல்கிறேன். பெட்டியைக் கொட்டினால் நாலு கலரும் கலந்து கிடக்கும். முதலில் அரிசியில் கல் பொறுக்குவது போலக் கலர் கலராகப் பிரிக்க வேண்டும். அப்புறம் ஐம்பது ஐம்பதாகக் கட்டு. அப்புறம்தான் யாருக்கு என்று எண்ணுவது. காலையில் ஆரம்பித்தது, மதியத்தைத் தாண்டி, பொழுது சாய்ந்தும் நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே கூட்டத்தில் தோல்வியும் வெற்றியும் மாறி மாறி வதந்தியாக வந்தன. ஒரு கட்டத்தில் நாம் ஜெயித்துவிட்டோம் என்று யாரோ சொல்ல, அறிவிப்பாளர் பையன் கீச்சுக்குரலில் கத்த, போலீஸ்காரர் அவனைப் பார்த்துச் சிரித்தேவிட்டார்.

ஜெயிக்கவில்லை. பூட்டு சாவி முதல். நாங்கள் இரண்டாவது. ஆட்டோ மூன்றாவது என்பதில் எனக்கு இருக்கும் அற்ப சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. செல்லாத ஓட்டுக் கட்டை மாமா எட்டிப் பார்த்தாராம். கத்தரிக்காய்க்கும் பக்கத்துப் படத்துக்கும் நடுவில், சரியாகக் கோட்டின் மேல், அழுத்தமாகக் குத்திய சீட்டுகள். "எல்லாம் நம்ம ஆயாக்களுதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

டீக்கடைக்காரர் மறுநாள் காலையிலேயே பாக்கிச் சிட்டையோடு வந்துவிட்டார். காமர்ஸ் பையன் தன் நோட்டை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டு, இரண்டு டீயைத் தள்ளுபடி செய்தான். அடுத்த நாள் ஆயுத பூஜை என்பதால் மைக் செட்டுக்காரர் அவசரமாகக் குழாயைக் கழற்றிக்கொண்டு போனார், அதற்குப் பொட்டு வைக்க வேண்டுமாம். மாடு கொட்டகைக்குத் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. பசை வாடை.

அத்தையைக் காணோம். எங்கே என்று கேட்டால், விடிந்ததும் விடியாததுமாகப் பூட்டு சாவி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள் மகள். எனக்குப் பகீரென்றது. நானும் ஓடினேன். அங்கே மாலையும் சரவெடிக் குப்பையுமாகக் கிடந்த வாசலில், வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்று குழைந்துகொண்டிருந்தார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. உள்வாசலில் நின்ற அந்த அம்மாவை நேராகப் பார்த்து, "ஏம்மா பிரசிடெண்ட்டு, மேலத்தெரு வால்வு எங்க இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? செருப்பப் போட்டுகினு வா, காட்டறேன்" என்றார்.

அந்த அம்மா வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் செருப்பைத் தேடினார்.